பதினான்காவது பிரிவும் கார்மோர் நகரத்தின் குடுமியும்

கார்மோர்,
மே 3.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் திரு. நெஸ்டர் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வெர்னாவின் கணவனும் கார்மோர் நகராட்சி ஐஸ் ஹாக்கி அரங்கின் மேலாளருமாகிய லாயிட் பெச்கோ பணிவுடன் எழுதிக்கொள்வது. விக்டோரியாவில் தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்கள் இடது முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. முப்பத்தெட்டு வருடங்களாக அப்படித்தான் எழுதியும் வந்திருக்கிறேன். இந்தத் தடவை மன்னிக்க வேண்டும்.

இக்கடிதம் தங்கள் கைக்கு வரும் முன்பே வெர்னா அங்கே வந்து சேர்ந்திருப்பாள். நேற்றுக் காலை பச்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். "கொஞ்ச நாள் நெஸ்டர் வீட்டுல இருந்துட்டு வரேன், காரணம் கேக்காதே" என்றாள். கேட்கவில்லை. எனக்கே தெரியும். ஊருக்கே தெரியும். தாங்கள் அவளுக்கு வேளாவேளைக்கு சூப் கொடுத்து, ஒரு வாரம் கழித்து, ஆறின சமயம் பார்த்து, "லாயிட் அவ்வளவு மோசமான ஆள் இல்லை" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொல்லச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். அவள் திரும்பி வந்தால் போதும். இந்த வீட்டில் எனக்கு வெந்நீர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

நடந்ததைத் தாங்கள் செய்தித்தாளில் படித்திருக்கலாம். அதில் பாதி பொய். மீதி என்னைப் பற்றியது. எங்கள் அரங்கத்தை பேட்ஜர்ஸ் அணிக்கு நகராட்சி குத்தகைக்கு விட்டிருக்கிறது அல்லவா, அது எந்தக் காலத்திலோ போட்ட ஒப்பந்தம். பியர் விற்கிற வருமானம் அணிக்கு, கார் நிறுத்துகிற வருமானம் அணிக்கு, சுவரில் விளம்பரம் எழுதுகிற வருமானம் அணிக்கு. ஒழுகுகிற கூரை நகராட்சிக்கு. வெர்னாவின் இருக்கைக்கு நேர் மேலே ஒழுகும், ஆறு வருஷமாக அங்கே ஒரு பச்சை வாளி அவளுக்குப் பக்கத்துச் சீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இந்த ஏப்ரல் முப்பதாம் தேதி நண்பகலோடு ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. கூரையில் பாதி நீ போடு, பியரில் பாதி எங்களுக்குக் கொடு என்று நகராட்சி கேட்டது. அணி முதலாளி டுவேன் ஸ்ட்ராக், "பக்கத்து ஊர் ரெட்வில்லோக்காரன் எனக்குப் புது அரங்கமே கட்டித் தரான், நான் போறேன்" என்று மிரட்டினார்.

அப்போதுதான் எங்கள் நகராட்சி வக்கீல் கோலெட் லாவால் ஒரு கூட்டத்தைக் கூட்டினார். கெட்டிக்காரப் பெண்மணி, சிரிக்கவே மாட்டார். "ரெட்வில்லோ அரங்கத்துக்கு இன்னும் கூரையே ஏறலை. அடுத்த வருஷம் இலையுதிர்காலம் வரைக்கும் ஸ்ட்ராக்குக்குப் போக்கிடம் கிடையாது. நாம ஒண்ணுமே செய்ய வேண்டாம், முப்பதாம் தேதி கடந்து போகட்டும், மனுஷன் நடுத்தெருவுல நிப்பார். கிறிஸ்துமஸ் வரைக்கும் நிக்க விடலாம். ஒரு குளிர்காலம் முழுக்க ஆட்டமே இல்லாமப் போனாலும் போகட்டும், அவரா இறங்கி வருவார். குடுமி நம்ம கையில" என்றார். ஸ்ட்ராக்குக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. மேயர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"ஒரே ஒரு சிக்கல்" என்றார் கோலெட். பதினான்காவது பிரிவு. எப்போதோ ஒரு குமாஸ்தா, கோப்பை ஆட்டங்களுக்கு நடுவில் யாரும் கதவைச் சாத்திவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் தட்டச்சு செய்தது. ஒப்பந்தம் முடிகிற நாள் நண்பகலில் அரங்கத்தில் ஐஸ் இருந்து, அணியைச் சேர்ந்த ஒருத்தர் அதில் சறுக்கினால், பழைய நிபந்தனையிலேயே இன்னும் ஒரு வருஷம் தானாக நீளும். "அந்தாளுக்கு இது ஞாபகம் இல்லை. பழைய வக்கீலோட சண்டை போட்டுட்டார், புது வக்கீல் படிக்கலை. நீங்களும் ஞாபகப்படுத்தாதீங்க. மிஸ்டர் பெச்கோ, இருபத்தொன்பதாம் தேதி காலையில ஐஸை எடுத்துடுங்க. வேற யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது." நான் யாரிடமும் மூச்சு விடவில்லை மச்சான். ராத்திரி சாப்பாட்டில் வெர்னாவிடம் சொன்னேன், அது நம் வீட்டு ஆள், கணக்கில் வராது. கிறிஸ்துமஸ், குளிர்காலம், குடுமி எல்லாத்தையும் ரசிச்சு ரசிச்சுச் சொன்னேன். அவ பெரோகிக் கொழுக்கட்டையைக் குத்தின முள்கரண்டியைக் கீழே வெச்சுட்டா. "ஒரு குளிர்காலம் முழுக்கவா?"ன்னு மட்டும் கேட்டா. "முழுக்க"ன்னேன் பெருமையா. அந்த பெரோகியை அப்புறம் அவ தொடவே இல்லை, நான்தான் தின்னேன்.

இப்ப கேளுங்க விதியை. இருபத்திரண்டு வருஷமா ஏப்ரல் முதல் வாரமே தோத்து வீட்டுக்கு வர அணி, மேலாளர் லாயிட் பெச்கோ ஐஸை எடுக்க வேண்டிய இந்த ஒரே வருஷம் பாத்து ஜெயிக்க ஆரம்பிச்சுது. ஏழு ஆட்டத் தொடர்ல ஆறாவதையும் ஜெயிச்சு மூணுக்கு மூணு ஆக்கிட்டானுங்க. ஏழாவது ஆட்டம் வெளியூர்ல, தேதி என்ன தெரியுமா, இருபத்தொன்பது! நம்ம ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? அணி உயிரோட இருக்கற வரைக்கும் ஒருத்தன் தாடி எடுக்க மாட்டான், ஒருத்தன் குளிரூட்டற மெஷினை நிறுத்த மாட்டான், 'உருக்கறது'ங்கற வார்த்தையை அரங்கத்துக்குள்ள வாயால சொல்ல மாட்டான். என் ஆளுங்ககிட்ட ஜாடையா, "நாளைக்குக் காலையில அந்த வேலையைப் பாத்துடலாம்"னேன். ஐஸை வழிச்சுச் சமமாக்கற வண்டி ஓட்டற கஸ், வண்டிச் சாவியைக் கழட்டி என் கையில வெச்சான். "நீங்களே பண்ணுங்க சார். எனக்கு இந்த ஊர்ல பொண்ணு குடுத்திருக்காங்க"ன்னான். வீட்டுக்கு வந்தா வெர்னா. "ஆட்டம் நடந்துட்டு இருக்கறப்ப நீ அந்த மெஷினை நிறுத்தினா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன், பாத்துக்க!" நிறுத்தலை மச்சான். நிறுத்தவே இல்லை. இருந்தும் போயிட்டா. இது என்ன நியாயம்னு நீங்களே சொல்லுங்க.

இந்த வருஷம் முழுக்கவே அவளுக்கு என் மேல என்னவோ காட்டம். நான் எதைச் செஞ்சாலும் குத்தம். உங்களுக்குத் தெரியும், ஐஸுக்கு அடியில வெள்ளைப் பெயிண்ட் அடிப்போம், இல்லைன்னா சிமெண்ட் தரை தெரியும், அந்தக் கறுப்பு பக் வட்டு ஓடறது கண்ணுக்குத் தெரியாது. வருஷா வருஷம் அடிக்கற அதே வெள்ளைதான். இந்த வருஷம் இவ, "என்ன லாயிட், ஐஸ் அழுக்கா இருக்கு, பெயிண்ட்லயும் கஞ்சத்தனமா?"ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டா. முப்பத்தொரு வருஷ உத்தியோகம், என் ஐஸை அழுக்குன்னு எதிரணிக்காரன்கூடச் சொன்னதில்லை! அப்புறம் அந்தச் சீட்டு. நாற்பது வருஷமா உட்கார்ந்த பதினாலாவது வரிசையை விட்டுட்டு, கண்ணாடித் தடுப்புக்கிட்ட முதல் வரிசைக்குப் போறேன்னு ஒத்தைக் கால்ல நின்னா. போனா. அங்கயும் வாளி வெச்சோம். அங்க உட்கார்ந்துக்கிட்டு, "கோல் யார் போட்டான்? யாரு லாயிட்?"ன்னு என்னை நச்சரிப்பா. பேச்சைக் குறைச்சுட்டுப் பாக்கக் கூடாதான்னு ஒரு தடவை எரிஞ்சு விழுந்தேன். டீயை என் கோப்பைக்குப் பக்கத்துல மேஜை மேல ஊத்தினா. வேணும்னேதான்.

சரி, கதைக்கு வரேன். ஏழாவது ஆட்டம் ரேடியோவுல கேட்டோம். கூடுதல் நேரத்துல மூணாவது நிமிஷம் தோத்தோம். ஊரே அழுதுது. நான் அழுதுக்கிட்டே ஓடிப் போய் மெஷினை நிறுத்தினேன். ஆனா ஒண்ணரை அங்குல ஐஸ் மச்சான், அது என்ன ஐஸ்கிரீமா, நினைச்சவுடனே உருக? விடிஞ்சு பாத்தா பாறை மாதிரி இருக்கு. சட்டுன்னு ஒரு யோசனை தோணிச்சு. வெளிக்காத்து வரட்டும்னு நாலு பக்கமும் வண்டி போற பெரிய கதவுங்களைத் திறந்து விட்டேன். ஏப்ரல் கடைசியாச்சே, வசந்தமாச்சேன்னு நினைச்சேன். வெளியில மைனஸ் ஏழு. கதவைத் திறந்ததும் ஐஸ் இன்னும் ஜோரா இறுகிப் போச்சு. கஸ் வந்து பாத்துட்டுத் தொப்பியைக் கழட்டினான். "இத்தனை நல்ல ஐஸ் இந்த வருஷம் பூரா வந்ததில்லை சார்"னான். கோலெட் போன் மேல போன். "மிஸ்டர் பெச்கோ, தண்ணி ஆயிடுச்சா?" "ஆயிட்டே இருக்குங்க மேடம்." வெந்நீர்க் குழாயைப் போட்டுப் பீச்சினோம். வெந்நீர் பட்ட இடமெல்லாம் மேல ஒரு சுற்று உறைஞ்சு கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆச்சு. ஐஸ் போடறவன் ஐஸை அழகாக்கறதுக்குச் செய்யற வேலையும் அதேதான்னு எனக்கு அந்த நிமிஷம்தான் உறைச்சுது.

பதினொன்றரைக்குப் பக்கக் கதவு திறந்தது. ஸ்ட்ராக். கோட்டு, டை, கையில சறுக்குக் காலணி. பின்னாடி புது வக்கீல், அவருக்குப் பின்னாடி ஒரு போட்டோக்காரர். சாவி அவர்கிட்டயும் இருக்கே, பன்னிரண்டு வரைக்கும் குத்தகை அவருதே! "காலை வணக்கம் லாயிட். ஐஸ் பிரமாதமா இருக்கு"ன்னார். பெஞ்சுல உட்கார்ந்து நிதானமா கயிறு கட்டினார். எழுபத்துநாலு வயசு மனுஷன், மொட்டைத் தலை பளபளன்னு, டை காத்துல பறக்க, பன்னிரண்டு அடிக்கறப்ப ஒரு முழுச் சுற்று வந்தார். விழலை மச்சான். நான் வேண்டாத தெய்வமில்லை. விழவே இல்லை. போட்டோக்காரர் கடிகாரத்தைப் படம் எடுத்தார். அவ்வளவுதான், ஒரு வருஷம் நீண்டுடுச்சு. அடுத்த வருஷம் ரெட்வில்லோக் கூரை ரெடி ஆயிடும். குடுமி கைமாறிப் போச்சு, இப்ப எங்க குடுமிதான் அவர் கையில.

பதினாலாவது பிரிவை அவருக்கு யார் சொன்னாங்கன்னு விசாரணை நடக்குது. நான் கஸ்ஸைச் சந்தேகப்பட்டேன், மேயர் டிரைவரைச் சந்தேகப்பட்டேன், ஒரு கட்டத்துல கோலெட்டையே சந்தேகப்பட்டேன். காபிக் கடையில எவனும் என் பக்கத்துல உட்காரலை. "என்ன லாயிட், கதவைத் திறந்து வெச்சா உருகிடும்னு எந்தக் காலேஜ்ல படிச்சே?"ன்னு ஒருத்தன். "விடுப்பா, அவன் வீட்டு ஃபிரிட்ஜைப் பொரிக்கத்தான் வெச்சிருக்கான்"னு இன்னொருத்தன். ஊர்க்காரன் பேசினாக்கூடத் தாங்குவேன். வெர்னா முப்பதாம் தேதியிலேருந்து என் மூஞ்சியையே பாக்கலை. பேசறப்ப கொஞ்சம் தள்ளி, என் காதைப் பாத்துப் பேசினா. அவ அணியை நானே ரெட்வில்லோவுக்கு வழியனுப்பி வெச்சுட்டேன், அந்தக் கோவம். நாற்பது வருஷ ரசிகை, எப்படி மன்னிப்பா? தூக்கம் வரலை மச்சான். அவளோட தலையணை இந்தப் பக்கம் கிடக்கு, நான் அதை எடுக்காம வெச்சிருக்கேன்.

ஆகவே பெருமனது வைத்து, தங்கள் தங்கையைச் சமாதானப்படுத்தி, தாங்களே பஸ் ஏற்றி அனுப்பி வைக்கும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் என் தவறை ஒப்புக்கொள்கிறேன், எந்தத் தவறு என்று அவள் சொன்னாலும். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம், பூனைக்கு என் விசாரிப்பு, முழங்காலுக்கு என் பிரார்த்தனை. கார்மோரின் கடவுள் இப்போது யாருக்கும் செவி சாய்ப்பதாகத் தெரியவில்லை. விக்டோரியாவில் உள்ளவராவது தங்களைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
லாயிட் பெச்கோ

பின்குறிப்பு: மேலே எழுதினதையெல்லாம் விட்டுடுங்க. உறையை ஒட்டப் போனப்ப போன் அடிச்சுது. கால்கரி பஸ் நிலையத்துலேருந்து வெர்னா. "லாயிட், நான்தான் ஸ்ட்ராக்குக்குப் போன் பண்ணினேன்"னா. எனக்கு ஒண்ணும் விளங்கலை. பிப்ரவரியிலேயே கண் டாக்டர் சொல்லிட்டாராம். பார்வைக்கு நடுவுல ஒரு மறைப்பு விழுந்திருக்காம், பரவிட்டே போகுமாம். இன்னும் ஒரு குளிர்காலம் ஓரளவு தெரியும், அதுக்கப்புறம் எதையும் நம்ப வேண்டாம்னாராம். "அந்த ஒரு குளிர்காலத்தைத்தானே நீங்க எல்லாரும் சேர்ந்து பட்டினி போடப் பாத்தீங்க"ன்னா. அங்க பெரிய கண் டாக்டரைப் பாக்கத்தான் வராளாம், நாள் வாங்கிக் குடுத்தது நீங்களாமே மச்சான்! எல்லாரும் தெரிஞ்சுதான் இருந்திருக்கீங்க. சரி, போகட்டும்.

அவளை அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பாதீங்க. டாக்டர் சொல்ற வரைக்கும் அங்கயே இருக்கட்டும். டாக்டர்கிட்டப் போறப்பல்லாம் நீங்களே கூடப் போங்க, படி இறங்கறப்பக் கையைப் பிடிங்க, அவ திட்டினாலும் பிடிங்க. நான் வெள்ளிக்கிழமை வந்துடுவேன். இந்தக் கடிதத்தைப் படிச்சதும் கிழிச்சுடுங்க, விசாரணை நடக்குது. பிரிவை யார் வெளியில சொன்னான்னு கேட்டா, நான்தான்னு சொல்லிடப் போறேன். பொய்யில்லையே, நான்தானே அவகிட்ட சொன்னேன். ஆகஸ்ட்ல ஐஸ் போடறப்ப கஸ்கிட்டச் சொல்லி வெள்ளையை இன்னும் ரெண்டு பூச்சு கூட அடிக்கச் சொல்றேன்.