கைக்களிம்பும் எல்க் வேட்டையும்

இந்த வருடம் வேட்டை தொடங்கும் முதல் சனிக்கிழமை நான் மலையில்தான் இருப்பேன் என்று முடிவு செய்தேன். வானமே இடிந்து விழட்டும். விழுந்தால் மலைமேல் இருக்கிறவனுக்குத்தான் முதலில் தெரியும். இறங்கி வந்து உங்களுக்கும் சொல்கிறேன்.

முடிவு செய்வது பெரிய காரியமில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதை மனைவியிடம் போய்ச் சொல்வதற்குத்தான் தைரியம் வேண்டும்.

எங்கள் மொன்டானாவில் அந்தச் சனிக்கிழமை யாரும் கல்யாணம் வைப்பதில்லை. செத்துப்போகிறவர்கள்கூடக் கொஞ்சம் முன்னே பின்னே பார்த்துத்தான் சாவார்கள். ஆனால் என் மனைவி மேவிஸின் தங்கை ஜோலின் கலிஃபோர்னியாக்காரன் ஒருவனைப் பிடித்தாள். பிரெஸ்டன் என்று பெயர். எல்க் மான் என்றால் நாட்காட்டியில் அச்சடிக்கிற படம் என்று நினைத்திருப்பவன். அவன் பாட்டுக்கு அந்தச் சனிக்கிழமையைக் குறித்து, ஊர்க்கூடத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டான். ஒரு ஆண்பிள்ளையும் வரமாட்டான், பெண்களே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆட வேண்டியதுதான் என்று ஜோலின் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் வேறு, எல்க் வேறு.

"மேவிஸ், சனிக்கிழமை நான் மலைக்குப் போறேன்."

"போ."

நான் தயார் செய்து வைத்திருந்த வாதங்கள் எல்லாம் வீணாயின.

"போகட்டுமா?"

"போன்னுதானே சொன்னேன் ஆர்லன். காது அடைச்சுப்போச்சா?"

"ஜோலின் கல்யாணம் இருக்கே?"

"கேக் பண்றவளே நான்தான். எனக்கே ஞாபகப்படுத்துறியா?"

"அப்போ உனக்குக் கோபம் இல்ல?"

"இல்ல. ஒரே ஒரு பேச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பிட உக்கார்றதுக்குள்ள இருபது தோட்டா உன் கையாலே செஞ்சு இந்த மேசைமேல வை. வெச்சா மலைக்குப் போ. வைக்கலேன்னா கோட்டுப் போட்டுக்கிட்டு என்கூட வா. வந்து ஆடணும்."

"எத்தனை ஆட்டம்?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணு. குளியலறையில என் அலமாரியைத் தொடக் கூடாது."

"உன் அலமாரியில எனக்கென்ன வேலை?"

"அதைத்தான் நானும் ரொம்ப நாளா யோசிக்கிறேன்."

கைகொடுத்து ஒப்புக்கொண்டேன். இருபது தோட்டா எனக்கு ஒரு வேலையா? ஒரு கோப்பைக் காபி ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். பாவம் மேவிஸ், இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் என் திறமை தெரியவில்லையே என்று அவளுக்காக வருத்தப்பட்டேன்.

என் துப்பாக்கியில் கடைத் தோட்டாவை ஏற்றவே மாட்டேன். இது ஊருக்கே தெரியும், ஏனென்றால் ஊருக்கே சொல்லியிருக்கிறேன். கடைத் தோட்டா வாங்குகிறவன் வேட்டைக்காரனே இல்லை, காசு கொடுத்துச் சத்தம் வாங்குகிறவன் என்று துப்பாக்கிக் கடைக்குள்ளேயே நின்று, கடைக்காரர் காது கேட்கச் சொன்னவன் நான்.

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு சற்று உப்பிப்போயிருக்கும். அதைத் தோட்டா செய்கிற கைப் பிரஸ்ஸில் நிறுத்தி நெம்புகோலை இறக்கினால் அச்சுக்குள் புகுந்து பழைய அளவுக்குச் சுருங்கும். ஆனால் புகுவதற்கு முன் கூட்டின்மேல் மசகு தடவ வேண்டும். இதுதான் கெட்டிக்காரனும் மடையனும் பிரிகிற இடம். குறைத்துத் தடவினால் கூடு அச்சுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். கூட்டித் தடவினால், கூடு கழுத்தாகக் குறுகுகிற தோள்பக்கம் பள்ளம் விழும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டி, உடம்பெல்லாம் மெல்லிய படலம். தோளில் படக்கூடாது. கழுத்துக்குள் தூரிகையால் ஒரு தொடல். அச்சிலிருந்து வெளியே வந்ததும் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். இதை நான் எங்கள் வேட்டை முகாமில் புதிதாகச் சேர்கிற பையன்களுக்கு அரைநாள் பிரசங்கமாகவே செய்வேன்.

"மசகு எதுல செய்றீங்க?" என்று கேட்பார்கள்.

"குடும்ப ரகசியம்," என்பேன்.

குடும்பத்துக்கே தெரியாத ரகசியம். மேவிஸ் ஆட்டுக் கம்பளிக் கொழுப்பில் கைக்களிம்பு காய்ச்சி ஊர்ப் பெண்களுக்கு விற்கிறாள். குளிர்காலத்தில் கை வெடிக்காமல் இருக்க. அந்தக் களிம்பைப் போல ஒரு மசகு உலகத்தில் இல்லை. அலமாரியில் இருக்கும் ஜாடியில் ஒரு விரல் வழித்துக்கொண்டு மேலே சமன்படுத்தி வைத்துவிடுவேன். பல வருடமாக நடக்கிறது. அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் கேக்கைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். வண்டி தெருமுனை திரும்பியதும் நான் அலமாரியைத் திறந்தேன். ஜாடி இருந்தது. விரலை விட்டேன். ரோஜா வாசனை. கல்யாணத்துக்காக ஏதோ வாசனை சேர்த்திருக்கிறாள் போல என்று நினைத்தேன். எல்க்குக்கு மூக்கு கூர்மை. ஆனாலும் ரோஜாவைக் கண்டு ஓடிய எல்க்கைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. விரலில் வெகு மென்மையாகப் பரவியது. இந்தத் தடவை இன்னும் நன்றாகக் காய்ச்சியிருக்கிறாள் என்று மனதுக்குள் மெச்சவும் செய்தேன்.

முதல் கூட்டை உருட்டித் தடவி நிறுத்தினேன். நெம்புகோலை இறக்கினேன். பாதி வழியில் கீச்சென்று ஒரு சத்தம். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். என் பிரசங்கத்தில் அதையும் சொல்வேன். ஆனால் அன்று எனக்கு மலை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதும் இறக்கினேன். பிறகு தூக்கினேன். வரவில்லை. காலைச் சுவரில் ஊன்றித் தூக்கினேன். படாரென்று வந்தது, கூட்டின் விளிம்பு மட்டும். மிச்சக் கூடு அச்சுக்குள்ளேயே சுகமாக உட்கார்ந்துவிட்டது.

பதறவில்லை. இதற்கும் வழி தெரியும். கூட்டின் அடியில் டிரில்லால் துளை போட்டு, மரை வெட்டி, திருகாணி முறுக்கி இழுத்தால் வந்துவிடும். டிரில்லைத் தேடினேன். காணோம். மேவிஸுக்குப் போன் செய்தேன்.

"டிரில் எங்கே?"

"கூடத்துல. மோதிரம் மாத்துற இடத்துல மர வளைவு வைக்கிறோமில்ல, அதுக்கு எடுத்துட்டு வந்தேன். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

"தோட்டா எல்லாம் ஆச்சா?"

"ஆயிட்டே இருக்கு."

"சரி சரி. கைக்கு வலி வரப்போகுது, பாத்து."

பக்கத்து வீட்டு லாய்ட் என் வேட்டைக் கூட்டாளி. அதே அளவு அச்சு வைத்திருப்பவன். கதவைத் தட்டினேன். பாதிதான் திறந்தான். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால்.

"லாய்ட், உன் அச்சைக் கொஞ்சம் கொடேன்."

"இல்லப்பா. ஒருத்தனுக்குக் கொடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"உனக்குத் தெரியாத ஆளு."

"இந்த ஊர்ல எனக்குத் தெரியாத ஆளா?"

"புது ஆளு. நேத்துதான் வந்தான். இன்னிக்கே போயிட்டான்."

"டிரில்லாவது இருக்கா?"

அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "அதையும் அவனே கொண்டுபோயிட்டான்," என்று கதவைச் சாத்திக்கொண்டான். அங்கேயும் ரோஜா வாசனை வந்தது. என் கையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தேன்.

கடைசியாக வெட்கத்தைவிட்டுத் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எழுந்து நின்றார்.

"வாங்க ஆர்லன். சத்தம் ஏதாவது வேணுமா?"

ஒரு ஜோடி பூட்ஸ் கயிறு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

சாயங்காலம் மேவிஸ் மேசையைத் துடைத்தாள். தட்டுகளை வைத்தாள். தோட்டாவுக்கென்று நடுவில் இடம்கூட விட்டாள். நான் பூட்ஸ் கயிற்றை அங்கே வைத்தேன்.

"கோட்டைத் தேய்ச்சு வெச்சிருக்கேன்," என்றாள். பூட்ஸ் கயிற்றை மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் கூடத்துக்குள் நுழைந்தால் முதல் வரிசையில் லாய்ட். கழுத்துப்பட்டை இறுக்கி முகம் சிவந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஹார்வி, எங்கள் முகாமில் சமையல் செய்கிறவன். அவனுக்குப் பின்னால் முகாமின் மிச்சம் எல்லாரும், குளித்து, தலைவாரி, கோட்டில்.

"நீ மலைக்குப் போகல?" என்று ஹார்வி கேட்டான்.

"குடும்பம்னு ஒண்ணு இருக்கில்ல. நீ?"

"நானும் அதையேதான் சொல்ல வந்தேன்."

கைகுலுக்கினோம். ஹார்வி தன் கையை முகர்ந்தான். பிறகு என் கையை முகர்ந்தான். பிறகு லாய்டின் கையை இழுத்து முகர்ந்தான். கல்யாண வீட்டில் ஆண்பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து முகர்ந்துகொண்டிருப்பதைப் பாதிரியார் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உன் மசகு கரடிக் கொழுப்புன்னு சொன்னியே லாய்ட்?"

"நீ ராணுவத்துல கத்துக்கிட்டேன்னு சொன்னியே ஹார்வி?"

என் குடும்ப ரகசியத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

அதற்குள் ஜோலின் வெள்ளை உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "முதல் நாள் வேட்டையை விட்டுட்டு எனக்காக வந்தீங்களா? எல்லாருமா?" என்றாள். கலிஃபோர்னியாக்காரன் ஒவ்வொருவரையாகக் கட்டிப்பிடித்தான். நாங்கள் தியாகிகளைப் போல நின்றோம். உண்மையைச் சொன்னால், அவள் முகத்தைப் பார்த்தபோது வந்தது நல்லதுதான் என்று எனக்கே தோன்றிவிட்டது. அந்த எண்ணம் சீக்கிரம் போய்விட்டது.

ஆட்டம் தொடங்கியதும் மேவிஸைப் பிடித்தேன். அவள் என் காலை மிதிக்காமல் அழகாக ஆடினாள். நான்தான் அவள் காலை மிதித்தேன்.

"அந்த ஜாடியில என்னத்தைப் போட்டே?"

"எந்த ஜாடி?"

"உன் அலமாரியில இருக்கிற ஜாடி."

"அதுவா? முக்கால்வாசி பன்னீர். மிச்சம் சும்மா நுரை, கொழுப்பு துளிகூட இல்ல. கல்யாணத்துக்குக் கை வாசனையா இருக்கட்டும்னு எல்லாப் பொம்பளைங்களுக்கும் ஒரு ஜாடி கொடுத்தேன். நீதான் அதைத் தொடவே இல்லையே. உனக்கு எதுக்கு?"

வாயைத் திறந்தேன். திறந்தால் அலமாரியும் திறக்கும் என்று தெரிந்தது. மூடிக்கொண்டேன்.

ஒவ்வொரு விருந்தாளிக்கும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி டப்பா வைத்திருந்தார்கள். திறந்து முகர்ந்தேன். ரோஜா இல்லை. அசல் கம்பளிக் கொழுப்பு. லாய்டும் ஹார்வியும் தங்கள் டப்பாவைச் சட்டைப்பைக்குள் நழுவவிட்டதைப் பார்த்தேன்.

"மேவிஸ், நாளைக்குக் காலையிலாவது மலைக்குப் போகலாமா?"

"தாராளமா. டிரில் எல்லாம் கார் டிக்கியில இருக்கு."

"எல்லாமா?"

"ஊர்ல இருந்த எல்லா டிரில்லையும் பொம்பளைங்க நாங்க இரவல் வாங்கிட்டோம். வளைவு செய்யணுமில்ல."

"சாவியைக் கொடு."

"நான் இன்னும் போதும்னு சொல்லல."

அடுத்த ஆட்டத்தில் அவளைச் சுற்றிக்கொண்டு அந்த வளைவின் பக்கம் போனேன். பூவை விலக்கிப் பார்த்தேன். முழுக்கக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒரு துளைகூட இல்லை.