கீழேயே வெச்சுக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து கூட்டம் முடியும்வரை தன் கால் தரையில் படாது என்று லியாக்கத் அலி அறிவித்துவிட்டார். வீட்டுக்குள் அறிவித்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. வீட்டில் அவர் அறிவிப்பதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் தாமான் குடியிருப்புவாசிகளின் வாட்ஸ்அப் குழுவில், முகத்தைக் காட்டி, வீடியோவாக அல்லவா விட்டுவிட்டார்.

எல்லாம் கேரம் படுத்திய பாடு. பொந்தியானில் அவர் குடியிருக்கும் தாமானுக்கு மாடி வைத்த ஒரு பாலாய் ராயா, அதாவது பொதுமக்கள் கூடம், உண்டு. கூட்டம் போடும் மண்டபம் மாடியில். கீழே கேரம் அறை. குடியிருப்போர் சங்கத் தலைவர் என்ற முறையில் அந்த அறையின் சாவி அவர் இடுப்பில். சாப்பாட்டுக் கடையை மகன் ஆசிக்கிடம் விட்டுவிட்டு ஓய்வெடுக்க உட்கார்ந்த மனிதருக்கு, மனைவி காதர் பீவியின் கண்ணில் படாமல் இருக்க இந்தப் பூமியில் மிஞ்சிய இடம் அது ஒன்றுதான். வீட்டில் உட்கார்ந்தால் வெங்காயம் உரிக்கக் கொடுப்பாள். நின்றால் ஒட்டடைக் கம்பைக் கொடுப்பாள்.

அந்த இடத்துக்குத்தான் வேட்டு வந்தது. நகராண்மைக் கழகம் பாலாய் ராயாவைப் புதுப்பித்துத் தரப்போகிறதாம். நடக்க முடியாதவர்களும் வந்து புழங்கும்படி இருக்க வேண்டுமாம். எப்படி என்பதை மக்களே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டுமாம். மண்டபத்தைக் கீழே இறக்கி, வாசலில் சாய்வுப் பாதை போட்டால் என்ன என்று முதலில் வாய் திறந்தவள் காதர் பீவி.

"நம்ம தாமான்ல வீல்சேர்ல இருக்கறது வெள்ளையம்மா ஒருத்தங்கதான். அவங்க ஒரு நாளும் கூட்டத்துக்கு வந்ததில்ல. வராதவங்களுக்கு எதுக்குப் பாதை?" என்றார் லியாக்கத் அலி.

"பாதை இல்லாமத்தானேங்க வரல."

"ரெண்டு பேரு தூக்குனா மேல வந்துடலாம் லா."

"நீங்க அதுல உக்காந்து பாத்தீங்களா?"

"உக்காந்தா என்ன? வர்ற கூட்டத்துக்கே உக்காந்து காட்டறேன்."

"வேணாங்க. உங்களால முடியாது."

அங்கேதான் கவிழ்ந்து, வீடியோவும் போட்டார். பெரிய வேலை எதையும் அவள் அவரைச் செய்யச் சொன்னதே கிடையாது. உங்களால் முடியாது என்று மட்டும் சொல்வாள். வீடு முழுக்க அவர் தனியாளாகச் சாயம் அடித்து முடித்ததும் அப்படித்தான்.

ஞாயிறன்று நகராண்மைக் கழகத்திலிருந்து ரூபினி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சக்கர நாற்காலியோடு வந்தாள். "நீங்க என்ன சொல்றீங்களோ அதையே எழுதிக்கறேன் சார். ஆனா நடுவுல எந்திரிச்சா சோதனை செல்லாது. புதுப்பிச்சுத் தர்ற முறை வேற தாமானுக்குப் போயிடும்" என்றாள். லியாக்கத் அலி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். தூக்குவதற்குக் கேரம் கூட்டாளிகள் ஜெயபாலனும் அர்ச்சுனனும் தயாராக நின்றார்கள்.

முதல் படி ஏறியாயிற்று. இரண்டாவது படியில் ஜெயபாலன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அலமாக். தலைவரே, வீட்டுல என்ன சாப்பிடறீங்க?"

ஒரு வாரமாக வேளை தவறாமல் பிரியாணி போட்டுக்கொண்டிருந்தாள் காதர் பீவி. மனம் திருந்திவிட்டாள் என்றல்லவா அவர் நினைத்தார். நாற்காலியைத் தரையில் இறக்கிவிட்டு, நொண்டிய ஜெயபாலனைத் தாங்கிக்கொண்டு அர்ச்சுனன் மாடியேறிவிட்டார்.

சரி, கேரம் அறையிலாவது இருப்போம் என்று உருட்டினார். கதவுக்கு முன்னால் ஒரு படி. அப்படி ஒரு படி இருப்பதையே இத்தனை வருடமாக அவர் கண்டதில்லை. கழிவறைக் கதவோ நாற்காலியைவிட ஒரு சாண் குறுகல். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அவசரமாக வந்தது.

"அலி பாய், இந்தப் பக்கம் வாங்க. நெழலா இருக்கும்."

வெள்ளையம்மா தன் நாற்காலியில் உருண்டு வந்துகொண்டிருந்தார்.

"நீங்க எங்க இங்க?"

"நான் எல்லாக் கூட்டத்துக்கும் வருவேனே. ஆறு வருசமா இங்கதான் இருப்பேன். மேல பேசறது பாதிதான் கேக்கும். செத்துஜூன்னு சத்தம் வந்தா நானும் கையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

லியாக்கத் அலிக்கு வெட்கமாகிவிட்டது. தலைவர் என்று மாலை போட்டுக்கொண்ட மனிதர் ஒரு நாளாவது கீழே எட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? இருந்தாலும் வெட்கம் வேறு, கேரம் வேறு. மேலே தன் அறையை என்ன செய்கிறார்களோ என்று மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

செத்துஜூ என்றால் மலாயில் சம்மதம். மாடியில் ஐம்பது பேர் ஒன்றாகச் சொல்லும்போது முதல் பாதி மட்டும்தான் கீழே தெளிவாக விழுந்தது. செத்து, செத்து என்று கேட்கக் கேட்க அவருக்கும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு தடவையும் வெள்ளையம்மா கையைத் தூக்கினார்.

ஜன்னலில் காதர் பீவியின் தலை தெரிந்தது.

"என்னங்க, கீழேயே வெச்சுக்கலாமா?"

அவருக்குக் காதில் தேன் பாய்ந்தது. கேரம் அறை கீழேயே இருக்கட்டும் என்கிறாள். என்ன இருந்தாலும் கட்டினவள் அல்லவா.

"செத்துஜூ" என்று கத்தினார். போதாதென்று இரண்டு கைகளையும் தூக்கி இன்னொரு தரம் கத்தினார். மாடியில் கைதட்டல் அதிர்ந்தது. ரூபினி ஜன்னல் வழியாகப் படம் எடுத்துக்கொண்டாள்.

வெள்ளையம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நல்லா இருப்பீங்க பாய்."

"உங்களுக்கும் கேரம் ஆடத் தெரியுமா?"

"கேரமா? மண்டபத்தக் கீழ வெக்கறதுக்குல்ல சம்மதம் கேட்டாங்க."

காதர் பீவி படியிறங்கி வந்தாள். அவர் நாற்காலியை அவள் பக்கம் உருட்டினார்.

"கேரம் ரூமு?"

"அதான் இனி மண்டபம்."

"மாடி?"

"மேசை நாற்காலி போடற ஸ்டோரு. சாவி எங்கிட்ட."

"அப்ப பலகை?"

"நம்ம வீட்டு ஹால்ல போட்டுக்குங்க. நீங்க ஆடி நான் பாத்ததே இல்ல. இனிமே பக்கத்துலயே இருந்து பாக்கறேன்."

அவள் பின்னாலேயே இறங்கி வந்த ஜெயபாலனும் அர்ச்சுனனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இனிமேல் தங்களுக்கு நிறைய வேலை இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். லியாக்கத் அலி அசையவில்லை. இந்த நாற்காலியிலேயே காலத்தைக் கழித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"கூட்டம் முடிஞ்சிருச்சு, நீங்க எந்திரிக்கலாங்க" என்றாள் காதர் பீவி. "பலகையை யாரு தூக்கறது?"