நீல மையும் நெற்றிச் சிலுவையும்

பிரிண்டர் வாங்க யோசனை கேட்டு யாராவது எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் மெல்ல எழுந்து சமையலறைக்குள் போய்விடுவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இருக்காது. என் கணவர் சமைக்கிற வீடு அது (நம்புங்கள்). வந்தவரிடம் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவ யோசனையக் கேட்டு நாங்க பட்டது போதுமுங்க" என்பார். என்ன பட்டார்கள் என்பதை இத்தனை வருஷமாக அவர்தான் சொல்லிக்கொண்டு வருகிறார், தடவைக்குத் தடவை கொஞ்சம் கூட்டி. இந்த ஒரு தடவை நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது. திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பாடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் பயபக்தியோடு வரும் பிள்ளைகளுக்கு மவுஸை எப்படிப் பிடிப்பது என்று காட்டித் தருவது. ஆனால் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் படித்த முதல் பெண் நான்தான். டி.வி. ரிமோட் கெட்டுப்போனாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். நானும் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு பின்பக்க மூடியைக் கழற்றி, பேட்டரியை இரண்டு உருட்டு உருட்டிக் கொடுப்பேன். பாதி ரிமோட்டுகள் அதிலேயே சரியாகிவிட்டன. என் தலைக்கனம் அப்படி வளர்ந்ததுதான்.

அப்பா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். வீட்டு மாடியில் ட்யூஷன் எடுத்தார். சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு டெஸ்ட். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடையில் நின்று நின்று அலுத்துப்போய், ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"வீட்டுக்கே ஒரு பிரிண்டர் வாங்கிப் போட்ருவோம் தாயி. படிச்ச புள்ள, நீயே பாத்து முடிவு பண்ணு. ஒண்ணே ஒண்ணு, மைச் செலவு கையக் கடிக்கக் கூடாது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் அதைக் கலெக்டர் உத்தியோகம் கிடைத்தது மாதிரி எடுத்துக்கொண்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 'பிரிண்டர்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு மை செலவாகும், ஒரு புட்டிக்கு எத்தனை பக்கம் வரும் என்று அட்டவணை போட்டு, கணக்கு வாத்தியார் மகள் என்பதை நிரூபித்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ரசாக் பாயின் கடை இருந்தது. பழைய மானிட்டர்களுக்கு நடுவில் அவர் தலை மட்டும் தெரியும். நானும் அப்பாவும் போனோம். அப்பாவுக்குக் கண்டதும் பிடித்தது ஒரு பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். ரிப்பன் போட்டு அடிக்கிற ரகம், கிறீச் கிறீச்சென்று தெருவுக்கே கேட்கும்.

"இது போதாதா தாயி? ரிப்பன் எம்புட்டு நாளைக்கும் வரும்கிறாரே."

"எழுத்து கரண்டு பில்லு மாதிரி இருக்கும்ப்பா" என்று ஒரே வார்த்தையில் அதைத் தள்ளிவிட்டேன்.

ரசாக் பாய் அடுத்து ஒரு லேசர் பிரிண்டரைக் காட்டினார். அதுவும் பழையதுதான். "மாசா மாசம் நெறைய போடுறீங்கன்னா இதான்மா லாயக்கு. இது பொடி மை. ஒரு தடவ நெரப்பிட்டா மாசக்கணக்குல பாக்க வேணாம். பொடிய சூடுல உருக்கித் தாள்ல ஒட்டிரும், தண்ணி பட்டாக்கூட ஒண்ணும் ஆகாது."

"கொஸ்டின் பேப்பரை யாரு பாய் தண்ணில முக்கப் போறா?" என்றேன்.

(இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

என் கண் அதற்குள் கண்ணாடி அலமாரியில் இருந்த புத்தம் புது இங்க்ஜெட் பிரிண்டர் மேல் விழுந்துவிட்டது. வெள்ளை நிறம், கலரும் போடும், லேசரில் பாதி விலைகூட இல்லை. பாய் தலையைச் சொறிந்தார். "வெலையப் பாத்து ஏமாறாதீங்கம்மா. பிரிண்டர சும்மா மாதிரி குடுத்துட்டு, மையில புடிச்சிருவாங்க. அந்தச் சின்ன டப்பா தீந்தா, புது டப்பா பிரிண்டர் வெலைக்குப் பக்கத்துல வரும்."

நான் நோட்டைத் திறந்து மூன்றாம் பக்கத்தைக் காட்டினேன். காலி டப்பாவில் ஊசி வழியாக வெளி மையை நாமே நிரப்பிக்கொண்டால் எவ்வளவு மிச்சம் என்று அங்கே சிவப்பு மையில் எழுதி வட்டம் போட்டிருந்தேன். பாய் அதைப் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் பில் புத்தகத்தை எடுத்தார்.

முதல் டப்பா ஐந்தே வாரத்தில் தீர்ந்தது. மெடிக்கல் ஷாப்பில் போய் சிரிஞ்சு கேட்டபோது கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வீட்டு முற்றத்தில் செய்தித்தாளை விரித்து, டப்பாவின் தலையில் ஊசியைக் குத்தி மையை ஏற்றினேன். முதல் தடவை என் நைட்டிக்கும் பூனைக்கும் போனது போக மீதி உள்ளே போனது. மூன்றாம் தடவைக்குள் கை தேர்ந்துவிட்டது. சனிக்கிழமை டெஸ்ட் தடங்கலில்லாமல் நடந்தது. அப்பா ட்யூஷன் பிள்ளைகளிடம், "இந்தப் பேப்பரு எங்க புள்ள போட்டது" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு நெய்க்காரப்பட்டி. தென்னந்தோப்பும் காய்கறி வெள்ளாமையும் உள்ள குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா, அதாவது என் அத்தை, பெண் பார்க்க வந்த அன்றே என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பொண்ணு இல்லாத குறை தீர்ந்துச்சு கண்ணு" என்றார். ஆனால் கூட வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் தட்டிலிருந்த முறுக்கைத் தொடவே இல்லை. "கம்ப்யூட்டர் படிச்ச புள்ளைங்க. தோட்டந்தொரவு இருக்கற குடும்பத்துக்குச் சரிப்பட்டு வருமுங்களா?" என்று என் அப்பாவிடமே கேட்டார். அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது.

நிச்சயதார்த்தத்தன்று திருப்பலிப் புத்தகம் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் கத்தோலிக்கக் கல்யாணங்களில் கோவிலுக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் பாட்டும் ஜெபமும் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பது வழக்கம். பழனியில் தெரிந்த அச்சகத்தில் கொடுக்கலாம் என்று பெரியப்பா சொன்னார். நான் இருந்த இடத்திலிருந்தே, "வேணாங்க பெரியப்பா. நானே வீட்ல போட்டுர்றேன்" என்றேன்.

கல்யாணப் பெண் சபையில் பேசியதே அதிசயம். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா மாமா, இதான் படிச்ச புள்ள" என்று பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார். அதற்கப்புறம் கல்யாணத்துக்குள் நெய்க்காரப்பட்டியில் இந்தச் சேதி தெரியாத வீடே இல்லை. என் மருமகள் கையாலேயே புத்தகம் போடுகிறாள் என்று அத்தை தோப்புக்குத் தேங்காய் பறிக்க வந்த ஆட்களிடம்கூடச் சொன்னாராம். ஆக அந்தப் புத்தகம் சரியாக வர வேண்டியது என் மானப் பிரச்சனை மட்டுமில்லை. அத்தை எனக்காகத் தன் வாக்கைக் கொடுத்திருந்தார்.

இருநூற்றைம்பது புத்தகம். அறுபது முடிந்ததும் கருப்பு மை தீர்ந்தது. ரசாக் பாய் கடையில் அன்று நீல மைதான் இருந்தது. கருப்பு வர நாலு நாள் ஆகும் என்றார். எனக்கா பொறுமை? நீலத்தை வாங்கி ஏற்றி, கருப்பில் போட்ட அறுபதையும் தூர வைத்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து நீலத்தில் போட்டேன். பங்குச்சாமியிடம், அதாவது எங்கள் கோவில் பாதிரியாரிடம், கொண்டுபோய்க் காட்டி, "மாதாவோட நெறம் சாமி" என்றேன் கொஞ்சமும் கூசாமல். சாமி நெகிழ்ந்துபோனார். "எவ்வளவு பக்தியா யோசிச்சிருக்க" என்று தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். பொய்க்கு அப்போதே கூலி கிடைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

கல்யாணம் மே மாதம். திண்டுக்கல் மே மாதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. காலை பத்தரை மணிக்குக் கோவில் வாசலில் எல்லோரும் கையில் புத்தகத்தோடு நின்றோம். எங்கள் பங்குச்சாமிக்குத் தீர்த்தம் தெளிப்பதில் கஞ்சத்தனமே கிடையாது. கத்தரிக்காய்ப் பாத்திக்குத் தண்ணீர் விடுவது போல, முதல் வரிசை முதல் கடைசி வரிசை வரை நனைத்துவிட்டுத்தான் உள்ளே கூட்டிப் போவார். அன்றும் அப்படித்தான். உள்ளே போய் உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் கரண்ட் போனது. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. இருநூற்றைம்பது பேரும் என் புத்தகத்தால் விசிறிக்கொண்டார்கள். வேர்த்த கை, நனைந்த அட்டை. எனக்கு முதுகுப்பக்கம் நடந்த இது எதுவும் தெரியாது. நான் பலிபீடத்தைப் பார்த்து, தலை குனிந்து, அழகாக இருப்பதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நற்செய்தி வாசகம் வந்தது. எல்லோரும் எழுந்து நின்றோம். வாசகம் தொடங்கும் முன் கட்டைவிரலால் நெற்றியில் ஒரு சிலுவை, உதட்டில் ஒரு சிலுவை, நெஞ்சில் ஒரு சிலுவை போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். சாமியும் போட்டுக்கொண்டார். அவர் கையிலும் நான் தனியாகக் கொடுத்த புத்தகம் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சாமியின் நெற்றியில் நீலமாக ஒரு சிலுவை. கீழ் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது.

சாமி வாசிக்க வாயைத் திறந்தார். ஜனங்களைப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றுவிட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். கோவில் நிறைய நீல நெற்றிகள். நீல உதடுகள். பளீரென்ற வெள்ளைச் சட்டைகளின் நடுவில் ஒவ்வொன்றிலும் ஒரு நீலச் சிலுவை. எல்லோரும் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, பிறகு தங்கள் விரலைப் பார்த்தார்கள். பெரியப்பா மூன்றாவது வரிசையில் நின்றார். வேர்வையைத் துடைத்துத் துடைத்து, அவருக்குச் சிலுவை என்று தனியாக இல்லை. முகமே நீலம். என் அப்பா புத்தகத்தைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, வகுப்பில் கேள்வி கேட்கப்பட்ட மாணவன் மாதிரி தரையைப் பார்த்தார். பக்கத்தில் மாப்பிள்ளை தோள் குலுங்கக் குனிந்திருந்தார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

எப்படியோ திருப்பலி நடந்தது. தாலி கட்டும்போது அவருடைய விரல் பட்டு என் வெள்ளைப் பட்டுச்சேலையின் தோளில் ஐந்து நீலப் புள்ளி விழுந்தது. அந்தச் சேலை அத்தை காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்து வந்தது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. திருப்பலி முடிந்து வெளியே வந்ததும் ஓரமாக நின்று அழுதேன். என்னை நம்பி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவரை இத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேனே என்றுதான் இருந்தது. பெரியப்பா பைப்படிக்கு வழி கேட்டுக்கொண்டே, "நான் அன்னைக்கே சொன்னேனுங்க" என்று ஆரம்பித்தார்.

அத்தை குறுக்கே வந்து நின்றார். அவர் நெற்றியிலும் நீலச் சிலுவை இருந்தது, உதட்டிலும்.

"யாரும் மூஞ்சி கழுவாதீங்க மாமா. மொதல்ல போட்டோ எடுக்கோணும்" என்றார். "சாமி நெத்தியிலயே இருக்குது. நமக்கு மட்டும் என்னங்க கொறைச்சல்?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "அழுவாத கண்ணு. அழுதீன்னா உன்ற மூஞ்சிச் சிலுவைதான் மொதல்ல கரையும். மத்தவங்களுது எல்லாம் இருக்க, பொண்ணுக்கு மட்டும் இல்லாம போயிரும்."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. அந்த நொடி முதல் அவர் எனக்கு மாமியார் இல்லை. என் கட்சி ஆள். சாமி, பெரியப்பா, என் அப்பா உட்பட நாற்பது பேர் நீல நெற்றியோடு எடுத்த குரூப் போட்டோ இன்னும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பெரியப்பாதான் அதில் நடுவில் நிற்கிறார், அத்தை இழுத்து நிறுத்தியதால்.

மறு வருஷம் கொழுந்தனாருக்குக் கல்யாணம். அச்சகத்தில் கொடுத்துவிடலாம் அத்தை என்று நானே சொன்னேன். "எதுக்கு? நீயே போடு" என்றார். இந்த முறை ரசாக் பாய் கடைக்கு ஓடிப்போய், லேசரில், கருப்பில் போட்டு வாங்கி வந்தேன். கோவில் வாசலில் அத்தை ஒரு புத்தகத்தை எடுத்தார். தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்தார். அட்டையில் எழுத்தின் மேலேயே அழுத்தி ஒரு சிலுவை போட்டார். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "கலையலை. எல்லாரும் உள்ள போங்க" என்றார். பின்னால் வந்தவர்கள் இதுவும் ஏதோ ஜெபத்தில் சேர்ந்தது என்று நினைத்துத் தாங்களும் ஒவ்வொருவராக விரலை நனைத்துச் சிலுவை போட்டுவிட்டு உள்ளே போனார்கள். அதற்கப்புறம் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் இப்படித்தான். ஏன் என்று தெரிந்து செய்கிறவர்கள் சிரித்துக்கொண்டு செய்தோம்.

அத்தை போய் மூன்று வருஷமாகிறது. சென்ற மாதம் ஒட்டன்சத்திரத்தில், என் கணவரோடு வேலை பார்க்கும் ஒருவர் மகன் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். எங்களுக்குச் சொந்தமுமில்லை, பந்தமுமில்லை. வாசலில் முன்னால் போன அம்மா ஒருவர் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்து, புத்தக அட்டையில் சிலுவை போட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்தவரும் அதையே செய்தார்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"எங்க பக்கத்துச் சம்பிரதாயமுங்க" என்றார் அந்த அம்மா. "பெரியவங்க காலத்துல இருந்தே வருது."

என் கணவர் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கு அத்தையை அப்போதே பார்க்க வேண்டும் போல இருந்தது. நானும் விரலை நனைத்து, அட்டையில் ஒரு சிலுவை போட்டுவிட்டு உள்ளே போனேன்.