மூச்சுச் சாமியாரின் இரண்டு டம்ளர்கள்

ஞாயிறு காலை கோல் மார்க்கெட்டில் ஜிலேபிக் கடையைவிட, ஊதவைத்து நோய் சொல்லும் மூச்சுச் சாமியாருக்குத்தான் கூட்டம். டெல்லிப் புகையில் இருமாதவர் யார்? வரிசையில் நின்ற மத்திய அரசு அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல் பாவனை செய்தார்கள்.

அவர்களில் ரத்தினவேலும் ஒருவர். வீட்டில் நானூறு பகுத்தறிவுப் புத்தகங்கள். அதிகம் பேசமாட்டார். ஆழ்ந்து யோசிப்பவர் என்று லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் பெயர். அவரும் அதை மறுத்ததில்லை.

மனைவி பூங்கோதைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நாலு படி ஏறினால் மூச்சு திணறியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஆட்டோவை இங்கே திருப்பியவர் சாட்சாத் ரத்தினவேல்தான்.

சாமியார் தன் டம்ளரில் குழாய் வைத்து ஊதினார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பூங்கோதைக்கு வேறு குடத்திலிருந்து ஊற்றித் தந்தார். அவள் ஊதியதும் பாலாக வெளுத்தது.

"துர்மூச்சு, தாயி! ஏழு வாரம் வரணும். ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதே. அடுத்த ஆள், ஜல்தி!"

ரத்தினவேல் பக்தியோடு தலையாட்டினார். பூங்கோதை எழவில்லை.

"சாமி... டம்ளரை மாத்தி ஊதுவோமா?"

"தெய்வத்தையா சோதிக்கிறே?"

"டம்ளரைத்தான்."

யாரோ சிரித்தார்கள். அவள் சாமியாரின் டம்ளரை இழுத்து ஊதினாள். வெளுக்கவில்லை.

"அச்சா! இப்ப நீங்க அந்தக் குடத்துத் தண்ணியில ஊதுங்க சாமி!" என்றது கூட்டம். தப்ப வழியில்லை. ஊதினார். வெளுத்தது.

"சாமிக்கே துர்மூச்சுடா!"

அந்தக் குடத்தில் இருந்தது வெறும் சுண்ணாம்புத் தெளிநீர். யார் ஊதினாலும் வெளுக்கும். ஏழாம் வகுப்பில் இதையே செய்துகாட்டிப் பரிசு வாங்கியவர் ரத்தினவேல்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, ஸ்கேன் எடுத்து, மறுநாள் டாக்டர் சொன்னார்: "அபூர்வமான நுரையீரல் அழற்சி. திடீர்னு வரும். கிருமி காரணமில்ல, ஒருவகை வெள்ளை அணுக்கள் நுரையீரல்ல குவிஞ்சிருக்கு. ஸ்டீராய்டு ஆரம்பிச்சாச்சு, சீக்கிரம் தேறிடுவாங்க. தாமதிச்சிருந்தா ஆபத்து. பழக்கமில்லாத புகைகூட சிலருக்கு இதைக் கிளப்பிவிடும். வீட்ல புதுசா ஏதாவது புகை?"

பதவி உயர்வுக்காகச் சாமியாரிடம் வாங்கிய தூபப் பொடியை, குளிருக்குக் கதவைச் சாத்திய படுக்கையறையில் இரண்டு வாரமாகப் போட்டுவந்த ரத்தினவேல் நீண்ட மௌனத்தில் ஆழ்ந்தார். நர்ஸ்கூட மரியாதையாகக் காத்திருந்தாள்.

பூங்கோதை முகமூடியை விலக்கினாள்.

"இவர் யோசிக்கிறார்னு காத்திருக்காதீங்க, டாக்டர். அந்தத் தூபப் பொடியை வாங்குறப்ப யோசிச்சிருந்தா, நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்."