குடிலுக்குள் வந்த பென்குயின்

ராஜா அண்ணாமலைபுரம்,
சென்னை-28.
28.12.1999

அருமை மைத்துனன் கிளிஃபர்டுக்கு,

மாதாவின் தயவால் பேனா பிடிக்கத் தெம்புள்ள அத்தான் அல்போன்ஸ் எழுதுவது. இவ்விடம் நான், உன் அக்காள் பியாட்ரிஸ், உன் ஞானமகள் சோஃபியா மூவரும் சுகம். டி.வி. மட்டும் சுகமில்லை. மஸ்கட்டில் உன் உடம்பும் உத்தியோகமும் செழிக்க, ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறோம். நீ அனுப்பிய கேக்கும் பாதாமும் வந்து சேர்ந்தன. இத்துடன் மரியாதைகள் முடிந்தன. இனி வழக்கு.

நான் கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, அத்தானுக்குப் பொழுது போகட்டும் என்று வீடியோ கேம் பெட்டி ஒன்று அனுப்பினாய் அல்லவா? அதில் கார் ரேஸில் நான் அடைந்த முன்னேற்றத்தை எழுதினால் தற்பெருமை ஆகிவிடும். மலைப்பாதையில் வண்டியை எங்கும் இடிக்காமல் இறக்குவேன், அவ்வளவு போதும். அந்தப் பெட்டியைத்தான் உன் ஞானமகள் ஒருநாள் ஸ்க்ரூடிரைவரால் கழற்றி, தினசரிப் பேப்பரைப் பரப்பி அதன்மேல் வைத்துக்கொண்டு, "அப்பா, இதுவும் கம்ப்யூட்டர்தாம்ப்பா, இதுல லினக்ஸ் ஓட வைக்கப்போறேன்" என்றாள். வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்காத அப்பனுக்கு இது ஒரு குத்து, புரியுதா? லினக்ஸ் என்றால் என்னடி என்று கேட்டேன். கம்ப்யூட்டருக்குள்ளே உட்கார்ந்து அதை மேய்க்கிற சமாச்சாரமாம். உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதி, யார் வேணா எடுத்துக்கோ, யார் வேணா திருத்திக்கோன்னு இனாமா விட்டிருக்காங்களாம். "இனாமா குடுக்கறவன் பொழப்புக்கு என்னடி பண்றான்?"னேன். "நீங்க குப்பத்துப் பசங்களுக்கு டியூஷன் இனாமாத்தானே எடுத்தீங்க?"ன்னா.

இப்ப விவகாரத்தோட வேரைச் சொல்றேன். இவளுக்கு பெங்களூர்ல ஒரு கம்பெனி வேலை குடுக்கறேங்குது, பொங்கலுக்குள்ள பதில் சொல்லணும். இங்கே கான்வென்ட்ல சிஸ்டர் இவளுக்கு டீச்சர் வேலை வச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க. நானும் வாத்தியார், உன் அக்காவும் வாத்தியாரம்மா, இருக்கறது ஒரே பொண்ணு, அங்கே ஒரு காய்ச்சல்னா யாருடா கஞ்சி வச்சுக் குடுப்பான்? நான் முடியாதுன்னேன். அவ போவேன்னா. கடைசியில சாப்பாட்டு மேஜையில உன் அக்கா முன்னாடி ஒரு பந்தயம்: இந்த விளையாட்டுப் பெட்டியில லினக்ஸை ஓடவிட்டு, அதால இந்த வீட்டுக்கு ஒரு உபயோகம்னு கிறிஸ்துமஸுக்குள்ள காட்டினா பெங்களூர். இல்லேன்னா கான்வென்ட். எங்கே நடக்கப்போகுதுங்கற தைரியத்துலதான் வாயை விட்டேன்.

மச்சான், அந்தப் பெட்டி ஒரு தனி ஜாதி. அது கம்பெனி டிஸ்கைத் தவிர வேற டிஸ்கை வீட்டுக்குள்ளயே சேர்க்காது. அதனால முதல்ல என் கார் ரேஸ் டிஸ்கைப் போடணும். மூடியைத் திறந்தே வைக்கணும். ஆனா மூடியிருக்குன்னு அது நம்பறதுக்கு உள்ளே இருக்கற ஒரு குட்டி பட்டனை அமுக்கியே வைக்கணும். கார் ரேஸ் டிஸ்கைப் பார்த்து அது திருப்தியாகி மூச்சு விடற நேரத்துல, சுத்திக்கிட்டிருக்கறதை வெடுக்குன்னு பிடுங்கி லினக்ஸ் டிஸ்கை வச்சிடணும். பிக்பாக்கெட் வேலை! பட்டனை அமுக்க எதை வச்சும் நிக்கல. கடைசியில உன் அக்கா வேளாங்கண்ணியில மந்திரிச்சு வாங்கின மெழுகுவர்த்தியில ஒரு துண்டைக் கிள்ளிச் செருகினா பாரு, கச்சிதமா உட்கார்ந்துது. அன்னிக்கே திரையில எழுத்து வந்துடுச்சு. சோஃபியா தன் கைவேகம்னா. உன் அக்கா மாதாவோட அற்புதம்னு சொல்லி, அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை டிஸ்க் மாத்தும்போதும் சிலுவை போட ஆரம்பிச்சுட்டா. நானும் சோஃபியா வெளியே போயிருந்தப்ப ஒண்ணு ரெண்டு தடவை மாத்திப் பார்த்தேன். சும்மா, தூசி தட்டறதுக்காக.

அதுக்குக் கீபோர்டும் கிடையாது. ஜாய்ஸ்டிக்கால ஒவ்வொரு எழுத்தாப் பொறுக்கி அவ ஒரு வரி எழுதறதுக்குள்ள உன் அக்கா ஜெபமாலையில பத்து மணி உருட்டி முடிச்சுடுவா. அணைச்சா எழுதினதை எல்லாம் மறந்துடும். அதனால பெட்டியை மாட்டியிருக்கற டி.வி.யை யாரும் தொடக்கூடாது. உன் அக்கா சீரியலுக்காகக் கீழ்வீட்டு ஹபீபுர் ரஹ்மான் பாய் வீட்டுக்குப் போக ஆரம்பிச்சா. ரம்ஜான் மாசம் வேற, அவர் சம்சாரம் அமீனா பீ நோன்புக் கஞ்சி ஊத்திக் குடுத்து அனுப்பறாங்க. டி.வி. போனதுல லாபம் அது ஒண்ணுதான்.

வருஷா வருஷம் நம்ம பங்குக் கோயில் நடத்தற கிறிஸ்துமஸ் குடில் போட்டி உனக்குத் தெரியுமே. கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் ஃபாதரும் கமிட்டியும் வீடு வீடா வருவாங்க. நமக்கு ஆறுதல் பரிசுகூட வந்ததில்லை. சோஃபியா என்ன பண்ணினா, டி.வி.யைக் குடிலுக்குப் பின்னாடி வச்சு, வைக்கோலால மறைச்சு, ராத்திரி வானம் மாதிரி ஆக்கினா. அதுல ஒரு நட்சத்திரம் கிழக்கேயிருந்து நகர்ந்து வந்து மாட்டுக்கொட்டகைக்கு மேல நிக்கும். எழுதி முடிச்சதை ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல லினக்ஸோட சேர்த்து ஒரே டிஸ்கா பதிஞ்சு வாங்கிட்டா, போட்டா தானா ஓடும். உள்ளதைச் சொல்லிடறேன், பார்க்க நல்லாத்தான் இருந்துது. ஓடவிட்டுட்டு, கோயில்ல பாட்டு ப்ராக்டிஸ்னு கிளம்பிப் போயிட்டா.

ஃபாதர் செருப்பைக் கழட்டறார், கரெண்ட் போச்சு. கரெண்ட்காரனை மனசுக்குள்ள நான் திட்டின திட்டுக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். கொஞ்ச நேரத்துல வெளிச்சம் வந்துது, வானம் வரல. பெட்டி எல்லாத்தையும் மறந்துட்டு மொட்டையா நிக்குது. சும்மா இருந்தா பந்தயம் எனக்கு. ஆனா கமிட்டிக்காரன் ஒருத்தன், "என்ன வாத்தியாரே, இந்த வருஷமும் அவ்ளோதானா?"ன்னு சிரிச்சான் பாரு, எனக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு. மண்டிபோட்டேன். மெழுகுவர்த்தித் துண்டு, கார் ரேஸ், வெடுக்குன்னு பிடுங்கி லினக்ஸ்! உன் அக்கா சிலுவை போட்டா. திரை மூலையில, லினக்ஸோட முத்திரையாம், ஒரு பென்குயின் வந்து உட்கார்ந்துது. அதுக்குக் கீழே மளமளன்னு இங்கிலீஷ்ல வரி வரியா ஓடுது.

"அல்போன்ஸ், பெத்லகேம்ல பென்குயினா?"ன்னார் ஃபாதர். உன் அக்கா கண்ணைக்கூட சிமிட்டாம, "சகல ஜீவராசியும் வந்துச்சுங்க ஃபாதர், இது தூரத்துலேர்ந்து வருது, அதான் முதல்லயே கிளம்பிடுச்சு"ன்னா. "அந்த எழுத்தெல்லாம்?" "வம்சவரிசை ஃபாதர்"னேன் நான். பைபிள்ல ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றார்னு வர்ற பட்டியல் மாதிரியே நீளமா ஓடிச்சா, அவரும் மரியாதையா கைகட்டி முடியறவரைக்கும் நின்னார். அப்புறம் நட்சத்திரம் வந்து நின்னுது. முதல் பரிசு நமக்குத்தான். எவர்சில்வர் குடம்.

இப்ப வழக்கு என்னன்னா, ஓடவிட்டது என் கை, அதனால அவ ஜெயிக்கலைங்கறேன் நான். லினக்ஸ் என்னுதுங்கறா அவ. "கிளிஃபர்ட் மாமா சொன்னா கட்டுப்படறேன்"ங்கறா. ஞானஸ்நானத்துல அவளுக்காக மெழுகுவர்த்தி பிடிச்சு நின்ன ஞானத்தகப்பன் நீ. கான்வென்ட்டுன்னு ஒரே ஒரு வரி எழுதிப் போடு. நான் சொல்லி எழுதினேன்னு காட்டிக்காதே.

புது வருஷமும் புது ஆயிரமாண்டும் உனக்குக் குறைவில்லாமல் விடிய, அக்காளும் அத்தானும் உன் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அத்தான்,
அல்போன்ஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போற நேரத்துல அமீனா பீ கஞ்சித் தூக்கு வாங்க மேலே வந்தாங்க. "இன்னா சாரே, கரெண்ட் வேலை முடிஞ்சுதா? அன்னிக்கு சாமியார் வரசொல்ல உங்க பாப்பா கீழ மெயின்ல பீஸ் கட்டைய புடுங்கி கையில வச்சுக்கினு நின்னுச்சே, அப்பால அதுவே சொருகிட்டு எங்கூட்டுல குந்திக் கஞ்சி குடிச்சுச்சு"ன்னாங்க. தெருவுல வேற எங்கேயும் கரெண்டே போகலையாம். சோஃபியாவைக் கூப்பிட்டு நிக்கவச்சேன். "நீங்க மத்தியானத்துல திருட்டுத்தனமா பிராக்டிஸ் பண்றது எனக்குத் தெரியும்ப்பா. நான் ஓட்டிக் காட்டினா விளையாட்டும்பீங்க. நீங்களே ஓட்டினா என்ன சொல்வீங்க?"ங்கறா. அப்பனையே இப்படி ஓட்டினவ பெங்களூரையும் ஓட்டிடுவா. போகட்டும்டா. வீடு வெறிச்சுன்னு ஆயிடும், ஆனாலும் போகட்டும். மேலே எழுதினதை எல்லாம் விட்டுட்டு, பெங்களூர்னே எழுதிப் போடு. மூணு ராஜாக்கள் திருநாளுக்குக் கோயில்லயும் நட்சத்திரம் வேணும்னு ஃபாதர் கேட்டிருக்கார், நான் பார்த்துக்கறேன்னு சொல்லியாச்சு. அந்தப் பெட்டியில மாட்டற மாதிரி கீபோர்டு கிடைச்சா யார்கிட்டயாவது குடுத்தனுப்பு. பீஸ் கட்டை இருக்கற மெயின் பெட்டிக்குப் பூட்டு போட்டாச்சு, சாவி அவ ரயிலேறற வரைக்கும் என் தலையணைக்கு அடியில இருக்கும்.