பாயான் பாருவில் நான் கவிழ்த்த போர்க்களம்

வாழ்நாளில் ஒரே ஒரு போர்க்களத்தைத்தான் நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு தரப்புப் படைகளையும் நானே அழித்தேன். ஆயுதம் எதுவும் கொண்டு போகவில்லை. நான் போனது பெண் பார்க்க.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பட்டர்வர்த் கரையில் பாகான் டாலாமில் வீடு, கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மயிரிழைக் கம்பிகளை இடுக்கியால் பிடித்துச் சரிபார்ப்பேன். அதனால் என் கைகளைப் பற்றி எனக்குப் பெருமை அதிகம். (உடம்பின் மற்ற பாகங்களைப் பற்றி யாரும் என்னை எச்சரிக்கவில்லை.)

பெண் வீடும் அதே தீவில், பாயான் பாருவில். பெயர் ஸ்டெல்லா, பள்ளியில் சரித்திர ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து அம்மா, அக்கா, நான் மூவரும் ஃபெர்ரி ஏறினோம். என் கழுத்தில் நண்பனிடம் இரவல் வாங்கிய டை. அவன் ஆறடி உயரம். டை எனக்குத் தொப்புளைத் தாண்டித் தொங்கியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் திகைத்து நின்றேன். சாப்பாட்டு மேசையின் மேல் அதைவிடப் பெரிய பிளைவுட் பலகையைப் போட்டு, பச்சைத் துணி விரித்திருந்தார்கள். டிவி பெட்டிக்குள் அடைத்து வரும் வெள்ளை நுரைக்கட்டியில் செதுக்கிய குன்றுகள், நீலக் கண்ணாடித்தாளில் ஓர் ஆறு, ஸ்பஞ்சு மரங்கள். அவற்றுக்கு நடுவே கட்டைவிரலின் மேல்கணு உயரத்தில் நூற்றுக்கணக்கான ஈயச் சிப்பாய்கள். அறை சிறியது. அம்மாவும் அக்காவும் மேசையை ஒட்டியே உட்கார வேண்டியதாயிற்று.

“வீட்டில சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா அங்கிள்?” என்று கனிவோடு கேட்டேன்.

ஸ்டெல்லாவின் அப்பா ஓய்வு பெற்ற கிளார்க். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இல்ல தம்பி. இது எனக்கும் மகளுக்கும் நடக்கிற சண்டை. இன்னியோட மூணாவது ஞாயித்துக்கிழமை. நடுவில எடுத்து வைக்க முடியாது லா. மன்னிச்சுக்கங்க” என்றார்.

அக்கா என் முதுகில் கிள்ளினாள்.

ஸ்டெல்லா தேத்தண்ணியும், கிழங்குக்கறி அடைத்துப் பொரித்த கறிபாப்பும் கொண்டு வந்தாள். தலை நிமிரவில்லை. பேச்சை எப்படியாவது மீட்டாக வேண்டும் என்று, “இத எப்படி விளையாடுறது?” என்று கேட்டேன். அவ்வளவுதான், அவளுடைய கூச்சம் எங்கோ போய்விட்டது.

தையல் டேப்பை எடுத்து, காலாட்படை இத்தனை அங்குலம் நகரலாம், குதிரைப்படை அதைப்போல இரண்டு பங்கு என்று அளந்து காட்டினாள். குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். முன்னொரு காலத்தில் ஜெர்மானிய இராணுவ அதிகாரிகள் போர்ப் பயிற்சிக்காக இப்படி மேசைமேல் விளையாடினார்களாம். பிறகு இங்கிலாந்தில் சிலர் பொம்மைச் சிப்பாய்களை வைத்து, வீட்டில் ஆடுவதற்கென்று விதிகள் எழுதினார்களாம்.

“சண்டைக்குப் பகடை எதுக்கு?” என்றேன்.

“சண்டையில எல்லாம் நெனச்ச மாதிரியா நடக்கும்? மழை வரும், குதிரை மிரளும், உத்தரவு போய்ச் சேராது. அதுக்குத்தான் பகடை.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “புத்தகத்துல யார் ஜெயிச்சாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிடுது. இங்க தெரியாது. அந்தத் தளபதி நின்ன எடத்துல நாமளே நின்னு முடிவு எடுக்கணும். தப்பா எடுத்தாலும் யாரும் சாக மாட்டாங்க. பிஸ்கட் டின்னுக்குள்ள போய்ப் படுத்துக்குவாங்க.”

நான் அவளைப் பார்த்தேன். பிறகு சிப்பாய்களைப் பார்த்தேன். ஒவ்வொருவனுக்கும் பொத்தான் வரைந்து, மீசை வரைந்திருந்தாள். ஒரு முரசுக்காரச் சிறுவனின் கன்னத்தில் சிவப்புக்கூட இருந்தது. தொழிற்சாலையில் இந்த நுணுக்கத்துக்கு எங்களுக்கு மைக்ராஸ்கோப் வேண்டும். இவள் வெறும் கண்ணால் செய்திருக்கிறாள். கட்டினால் இவளைத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். முரசுக்காரனை இன்னும் நெருங்கிப் பார்க்கக் குனிந்தேன்.

டை குன்றின் மேல் இறங்கி, இரண்டு பீரங்கிகளை வாரிக்கொண்டு போய்க் கீழே தள்ளியது.

“ஐயோ, சாரி, சாரி!” என்று மேசைக்கடியில் பாய்ந்தேன். பீரங்கிகளைப் பொறுக்கினேன். வெற்றியோடு எழுந்தேன். மேசைக்கு வெளியே நீண்டிருந்த பிளைவுட் பலகையின் அடியில் என் தலை ‘டம்’ என்று மோதியது. பலகை என் பக்கம் உயர்ந்தது, அம்மா உட்கார்ந்திருந்த எதிர்ப்பக்கம் தாழ்ந்தது. ஆறு, குன்று, காடு, இரண்டு நாட்டுப் படைகள், கறிபாப் தட்டு எல்லாம் அணிவகுத்துச் சரிந்து என் அம்மாவின் மடியில் இறங்கின.

“அந்தோணியாரே!” என்றார் அம்மா. ஒரு பகடை மட்டும் உருண்டு போய் வாசற்படியில் நின்றது. (பகடையில் ஆறு விழுந்திருந்தது. அக்கா பார்த்தாளாம்.)

கல்யாணம் போயிற்று என்று தெரிந்துவிட்டது. தரையில் மண்டியிட்டுப் பொறுக்கினேன். ஸ்டெல்லாவும் இரண்டு டின்களோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

“வெள்ளைச் சட்டை இந்த டின்னு. நீலம் அந்த டின்னு. கலக்காதீங்க.”

ஒரு மணி நேரம் பிரித்தோம். துப்பாக்கி ஒடிந்தவர்கள், காலிழந்தவர்கள் என்று பதினொரு பேர். “நான் ஒட்டித் தரேன். எனக்கு இந்த வேல தெரியும்” என்றேன். அவள் அந்தப் பதினொரு பேரையும் என் கைக்குட்டையில் வைத்து முடிந்து கொடுத்தாள்.

ஃபெர்ரியை விட்டுப் பட்டர்வர்த்தில் இறங்கும்போது அம்மா சேலைக் கொசுவத்திலிருந்து ஒரு குதிரைவீரனை எடுத்து நீட்டினார். “இதையும் சேத்துக் கொண்டு போய்க் குடு. நல்ல பொண்ணுடா. உனக்குத்தான் குடுத்து வைக்கல” என்றார்.

இரண்டு வாரம் கழித்துப் பன்னிரண்டு பேரையும் கொண்டு போனேன். ஒட்டிய இடம் தெரியவில்லை. ஸ்டெல்லா ஒவ்வொருவனையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எது ஒடஞ்சதுன்னே தெரியல” என்று முதல் முறையாகச் சிரித்தாள். அவள் உள்ளே போனதும் அவளுடைய அப்பா என் காதருகே வந்தார்.

“தம்பி, அவகிட்ட சொல்லிடாதீங்க. அன்னிக்கு இன்னும் ரெண்டு ஆட்டத்துல நான் தோத்திருப்பேன். என் மானத்தக் காப்பாத்துனது நீங்கதான் லா.”

“எனக்குக் கேக்குது அப்பா!” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

அடுத்த ஆண்டு எங்களுக்குக் கல்யாணம் ஆனது. என்னால் வெற்றி பறிபோன அந்தப் போரை ஸ்டெல்லா இன்றுவரை மன்னிக்கவில்லை. எங்கள் வீட்டில் அவள் கைப்பட எழுதிய விதிப்புத்தகம் ஒன்று இருக்கிறது. அதன் கடைசி விதி என் பெயரில்: “ஆட்டம் நடக்கும்போது அமல் மேசையிலிருந்து நான்கடி தள்ளி உட்கார வேண்டும். குனியக் கூடாது. உதவி செய்யக் கூடாது.” டேப் வைத்து அளந்துதான் என் நாற்காலியைப் போடுவார்கள்.

போன மாதம் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மகள் அந்த விதியை அவர்கள் முன்னால் சத்தமாக வாசித்தாள். “ஏன் அப்படி?” என்று கேட்டார் மாப்பிள்ளை. ஸ்டெல்லா, மகள், என் அக்கா மூவரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள். நான் எழுந்து வாசலுக்குப் போய், விருந்தாளிகளின் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்க ஆரம்பித்தேன்.