புகையில்லா அடுப்பும் கரிபிடித்த துடைப்பமும்

கழுத்தில் ஓர் அடையாள அட்டை தொங்கிவிட்டால் சிலருக்குக் கண் தெரியாமல் போய்விடும். எனக்கு இருபத்து நான்கு வயதில் அப்படிப் போயிற்று. (இன்னும் முழுதாகத் திரும்பவில்லை என்பது என் மனைவியின் கருத்து.)

சொந்த ஊர் சேந்தமங்கலம். அடிவாரத்திலேயே வளர்ந்தும் கொல்லிமலைக்குப் போனதெல்லாம் அருவியில் குளிக்கத்தான். புகையில்லா அடுப்புத் திட்டத்தில் ஒப்பந்த வேலை கிடைத்ததும், மலையையே திருத்தப் போகிறவனைப் போல பஸ் ஏறினேன். மலைமேல் திருப்புலி நாடு என்ற ஊரில், பாப்பாயி அக்கா வீட்டில் முதல் அடுப்பு. நாமக்கல்லில் இருந்து அதிகாரி வந்து பார்த்து, சரி என்றால்தான் என் வேலை நீடிக்கும்.

பழைய அடுப்பை இடித்துப் புதியதைக் கட்டி, குழாயைக் கூரைக்கு வெளியே நீட்டும்போதே அக்கா கேட்டார்.

“ஏனுங்க, பொகையெல்லாம் வெளிய போயிருச்சுன்னா மேல இருக்கறதுக்கு என்னங்க பண்றது?”

“மேல எதுக்குங்க்கா பொகை? பொகைதான் நமக்கு எதிரி!”

“சரீங்க.”

வீடு தேடி வந்தவனோடு அதற்கு மேல் வாதாட அவருக்கு மனசில்லை. நான் அதைச் சம்மதம் என்று ஃபைலில் எழுதிக்கொண்டேன்.

அதிகாரி வந்த அன்று தூறல். விறகெல்லாம் ஈரம். காய்ந்த சுள்ளி எடுக்க அக்கா பின்பக்கம் போனார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், நான் மேலே பார்த்தேன். அடுப்புக்கு நேர் மேலே கரிபிடித்த பழைய துடைப்பம் ஒன்று தொங்கியது. மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. “பொகை என்ன பண்ணியிருக்குன்னு பாருங்க சார்!” என்று ஒரு வசனமும் பேசி, அதை ஒடித்து அடுப்புக்குள் திணித்துப் பற்றவைத்தேன்.

துடைப்பம் பொரியத் தொடங்கியது.

படபடவென்று சோளப்பொரி தெறித்தது. ஒன்று அதிகாரியின் மூக்குக்கண்ணாடியில் பட்டது. காம்புகள் குழாயை அடைக்க, புகையில்லா அடுப்பு வீடு முழுக்கப் புகைந்தது.

சுள்ளியோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அய்யோ சாமி, அது வெதைங்க!”

அடுத்த விதைப்புக்கு வைத்திருந்த சோளக்கதிர். பூச்சி அண்டாமலிருக்க அடுப்புப் புகையில் தொங்கவிடுவது அங்கே வழக்கம். நான் எதிரி என்று சொன்ன புகைதான் அந்த வீட்டு விதைக்குக் காவல். பாக்கெட்டில் விதை வாங்கும் அடிவாரத்து ஊர்க்காரனுக்கு அது துடைப்பமாகத் தெரிந்திருக்கிறது. வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. (புகையால் என்று அதிகாரியிடம் சொன்னேன்.)

“கடையில வாங்கித் தந்தர்றனுங்க்கா.”

“கடை வெதை இந்த மண்ணுக்கு ஆவாதுங்க. ஊடு ஊடாப் போயி ஆளுக்கு ஒரு கை கேளுங்க. தொலச்சவங்கதான் கேக்கோணும்.”

மாலை வரை துண்டை ஏந்தி நின்றேன். ஒவ்வொரு வீட்டிலும் கதையை முழுதாகச் சொல்லவைத்து, சிரித்து முடித்த பிறகே ஒரு கைப்பிடி கிடைத்தது. எல்லோரும் அடுப்புக்கு மேலே கையை நீட்டித்தான் எடுத்துத் தந்தார்கள்.

அதிகாரி என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தார்: ‘அடுப்புக்கு மேலே என்ன இருக்கிறது?’ அக்கா பழைய மாதிரி அடுப்பையே மறுபடி போட்டுக்கொண்டார். புதியதில் கோழி அடைகாத்தது.

என் கல்யாணத்துக்கு அக்கா கொடுத்த பரிசு ஒரு கட்டுச் சோளக்கதிர். என் மனைவி அதை கேஸ் அடுப்புக்கு மேலே மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள்:

“ஏனுங்க, சமையக்கட்டுல எதுக்குங்க தொடப்பம்?”

அவள் உடனே பாலை அடுப்பில் வைப்பாள்.

“உக்காருங்க, காபி போடறேன். கதை கொஞ்சம் பெருசு.”